கொடுபடாத ஈடு: கொச்சியின் அடிமை வரலாறும் அரசுகளின் பொறுப்பும்

அடிமை முறைக்கும் இன ஒடுக்குமுறைக்கும் அரசுகள் ஈடுசெய்ய வேண்டும் என்ற கோரிக்கை, உலக அரங்கில் பெரும்பாலும் அட்லாண்டிக் பெருங்கடலை ஒட்டியே பேசப்பட்டு வருகிறது. ஆப்பிரிக்கக் கரையிலிருந்து கரீபியத் தீவுகளுக்கும் அமெரிக்கக் கண்டங்களுக்கும் ஏற்றிச்செல்லப்பட்டோரின் வழித்தோன்றல்கள் கோருபவர்கள், ஏற்றிச்சென்ற ஐரோப்பிய அரசுகள் தரவேண்டியவை என்பதே அந்தப் பேச்சின் பழகிப்போன வடிவம். அதே ஐரோப்பியக் கம்பெனிகள் அதே காலத்தில் இந்தியப் பெருங்கடலின் கரைகளிலும் ஆட்களை வாங்கி விற்றன என்பதும், அவை வருவதற்கு முன்பே ஆட்களைச் சொத்தாக வைத்திருந்த சாதிச் சமூகமும் அரசுகளும் இங்கே இருந்தன என்பதும் அந்த வடிவத்துக்குள் அடங்குவதில்லை. கொச்சியின் மட்டாஞ்சேரியும் அதையொட்டிய ஃபோர்ட் கொச்சியும் இந்த விடுபடலைத் தெளிவாகக் காட்டும் இடங்கள். போர்ச்சுக்கல், நெதர்லாந்து, பிரித்தானியா, கொச்சி சமஸ்தானம் என்று நான்கு அரசுகள் அடுத்தடுத்தும் அருகருகேயும் இருந்து இங்கே அடிமை உழைப்பால் பயன்பெற்றன. அடிமைப்பட்டவர்களுக்கு அவற்றுள் எதுவும் ஈடு தரவில்லை. பின்னால் வந்த அரசு கொடுத்தவையும் கடனைத் தீர்ப்பதாக அல்லாமல் இரங்கித் தரும் சலுகையாகவே கொடுக்கப்பட்டன என்பதும், கடன் யாருடையது என்று ஒப்புக்கொள்ளாமல் தொகையைப் பற்றிப் பேசுவதில் பொருளில்லை என்பதுமே இக்கட்டுரையின் வாதம்.

ஈடு என்றதும் பணத்தை நினைப்பது இயல்பு. ஆனால் கடுமையான மனித உரிமை மீறல்களுக்கு ஆளானவர்கள் பெறவேண்டிய ஈட்டைப் பற்றி ஐ.நா. பொதுச்சபை 2005 டிசம்பரில் ஏற்றுக்கொண்ட நெறிமுறைகள் அதனை இன்னும் விரிவாகப் பார்க்கின்றன. பறிக்கப்பட்ட நிலத்தையோ உரிமையையோ அப்படியே திருப்பித் தருவது மீட்டளிப்பு; திருப்பித் தர முடியாததற்குப் பணமதிப்பில் தருவது இழப்பீடு; உடலும் மனமும் வாழ்வும் தேறுவதற்கான சேவைகளைத் தருவது மறுவாழ்வு. நடந்ததை வெளிப்படையாக ஒப்புக்கொள்வதும், உண்மையை ஆராய்ந்து பதிவதும், மன்னிப்புக் கேட்பதும் நான்காவது வகை. அது மறுபடி நிகழாதபடி சட்டத்தையும் நிறுவனங்களையும் மாற்றியமைப்பது ஐந்தாவது. நூற்றாண்டுகளுக்கு முந்தைய அடிமை முறையை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை அல்ல இந்நெறிமுறைகள். எனினும், எந்த அரசு எதைக் கொடுத்தது, எதைக் கொடுக்காமல் விட்டது என்று பார்ப்பதற்கு இவை நல்ல அளவுகோலாகின்றன.

டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1663 ஜனவரியில் போர்ச்சுக்கீசியரிடமிருந்து கொச்சிக் கோட்டையைக் கைப்பற்றி, 1795இல் ஆங்கிலேயரிடம் இழக்கும்வரை 132 ஆண்டுகள் அங்கே இருந்தது. மிளகுக்காகவே அது கொச்சிக்கு வந்தது என்பது பாடநூல் சொல்லும் செய்தி. ஆட்களையும் ஏற்றி அனுப்பியது என்பது அண்மைக்காலம்வரை பெரிதாகப் பேசப்படவில்லை. கம்பெனியின் அதிகாரிகளும் மாலுமிகளும் கோட்டைக்குள் குடியிருந்த தனிவணிகர்களும் அடிமைகளை வாங்கி, இலங்கைக்கும் பத்தாவியாவுக்கும், அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்கும், தென்னாப்பிரிக்காவின் கேப் குடியேற்றத்துக்கும் அனுப்பினர். வாங்கியவர் அந்த ஆளைச் சட்டப்படி கொண்டுபோக வேண்டுமானால், நிலம் விற்பதற்குப் பத்திரம் எழுதுவதுபோல அடிமை கைமாறுவதற்கும் கம்பெனி அலுவலகத்தில் பத்திரம் எழுதிப் பதிய வேண்டும். விற்றவர், வாங்கியவர், விற்கப்பட்டவரின் பெயர், வயது, சாதி, விலை ஆகியவை அதில் இடம்பெற்றன. 18ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அத்தகைய பத்திரங்கள் மலபார் டச்சு ஆவணத் தொகுதியின் ஒரு பகுதியாக இன்று சென்னை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. அவற்றைக் கொண்டு லிண்டா எம்பெக்கியும் மத்தியாஸ் வான் ரொஸ்ஸமும் 2017இல் வெளியிட்ட ஆய்வு, கொச்சிக்கும் கேப்புக்கும் இடையே நடந்த தனியார் அடிமை வணிகத்தின் வலைப்பின்னலை வெளிக்கொண்டு வந்தது. கொச்சியில் இருந்த கம்பெனி நீதிமன்றத்தின் வழக்கேடுகளிலிருந்து ஓடிப்போன அடிமைகள், கடத்தி விற்கப்பட்டவர்கள் ஆகியோரின் வாக்குமூலங்களும் வான் ரொஸ்ஸமும் அவருடைய குழுவினரும் 2020இல் வெளியிட்ட தொகுப்பில் அச்சேறியுள்ளன.

இப்பத்திரங்களில் சாதி எழுதப்பட்டிருப்பது தற்செயல் அன்று. யாரை விற்கலாம், யாரை விற்கக்கூடாது என்பதைக் கேரளச் சமூகம் ஏற்கெனவே வகுத்து வைத்திருந்தது; கம்பெனி அந்த வகுப்பை ஏற்றுக்கொண்டு அதன்மேல் தன் வணிகத்தைக் கட்டியது. புலையர், பறையர் முதலிய உழைக்கும் சாதியினரே பெரும்பாலும் இந்த வலையில் சிக்கினர். ஆகவே டச்சு அடிமை வணிகத்தையும் சாதி அடிமை முறையையும் வெவ்வேறு வரலாறுகளாகப் பிரித்து எழுதுவது ஆவணங்கள் காட்டும் உண்மைக்கு முரணானது. கோட்டை மதிலுக்கு வெளியே ஜன்மி எனப்பட்ட நிலவுடைமையாளரிடம் சொத்தாக இருந்த ஒருவர், மதிலுக்கு உள்ளே வந்ததும் கம்பெனிச் சட்டப்படி சொத்தாகத் தொடர்ந்தார். கப்பலேறியவர் தம் மண்ணையும் மொழியையும் உறவையும் இழந்தார் என்பதும், பலருக்குப் பெயரும் மாற்றப்பட்டது என்பதும் கூடுதல் இழப்புகள். கேப்புக்கு 1652க்கும் 1808க்கும் இடையில் கொண்டுவரப்பட்ட ஏறத்தாழ 63,000 அடிமைகளில் கால்பங்குக்குச் சற்று மேற்பட்டோர் இந்தியத் துணைக்கண்டத்தவர் என்பது வரலாற்றாய்வாளர் ராபர்ட் ஷெல்லின் கணக்கு. அவர்களில் பலர் தம் பெயரோடு மலபார், கோரமண்டல், வங்காளம் என்ற ஊர்க்குறிப்புகளைத் தாங்கியே கேப் ஆவணங்களில் வருகின்றனர்.

கோரமண்டல் எனப்பட்ட சோழமண்டலக் கரையின் நிலை இதைவிடக் கொடியது. 1621 முதல் 1665 வரை 131 கப்பல் பயணங்களில் 38,441 பேர் அக்கரையிலிருந்து, பெரும்பாலும் பழவேற்காட்டிலிருந்து, பத்தாவியாவுக்கு அனுப்பப்பட்டதாக ஒரு கணக்கீடு உண்டு. தஞ்சைப் பகுதியைப் பஞ்சமும் பிஜப்பூர்ப் படையெடுப்பும் சேர்ந்து தாக்கிய 1659–61 ஆண்டுகளில் நாகப்பட்டினம் முதலிய துறைகளிலிருந்து மட்டும் எட்டாயிரம் முதல் பத்தாயிரம் பேர்வரை விற்கப்பட்டனர் என்று மார்கஸ் விங்க் எழுதுகிறார். சோற்றுக்காகத் தம்மையும் தம் பிள்ளைகளையும் விற்றுக்கொண்டவர்களின் கூட்டம் அது. நெதர்லாந்தின் பொறுப்பு கொச்சியோடு முடிவதில்லை என்பதைத் தமிழ் வாசகர்கள் மனத்தில் கொள்ளவேண்டும்.

போர்ச்சுக்கீசியர் காலத்துக்கு இத்தகைய விரிவான பத்திரத் தொகுதி கிடைக்காத நிலையில், மட்டாஞ்சேரியின் வாய்மொழி மரபு ஒன்று அந்த இடத்தில் நிற்கிறது. போர்ச்சுக்கீசியர் கொண்டுவந்த ஆப்பிரிக்க அடிமைகளை, டச்சுப் படை நெருங்கிய வேளையில், புதைத்த செல்வத்துக்குக் காவலாக இருக்கும்படி கொன்று அதனுடனேயே புதைத்தனர் என்று அந்த மரபு சொல்கிறது. அவ்வாறு இறந்தவர்கள் காப்பிரி முத்தப்பன் என்ற பெயரில் வழிபடப்படுகின்றனர். மங்காட்டுமுக்கில் மதிலோரமாக உள்ள சிறு மேடையில் மெழுகுவத்தி ஏற்றி, சுருட்டும் கள்ளும் அவித்த முட்டையும் புட்டும் படைத்து, எல்லாச் சமயத்தவரும் வேண்டிக்கொள்கின்றனர். இம்மரபை நடந்த நிகழ்ச்சியின் நேரடிச் சான்றாகக் கொள்ள இயலாது. ஆனால் ஆப்பிரிக்க அடிமைகள் இந்நகரில் வாழ்ந்தனர் என்பதையும், அவர்களுக்குக் கொடுமை இழைக்கப்பட்டது என்பதையும் ஓர் ஊர் முந்நூற்று அறுபது ஆண்டுகளாக நினைவில் வைத்திருப்பதை எந்த ஆய்வாளரும் எளிதாகக் கடந்துசெல்லக் கூடாது. அரசுகள் செய்யத் தவறிய நினைவுகூரலை இந்த ஊர் மக்கள் தம் வழிபாட்டால் செய்து வந்திருக்கின்றனர்.

அடிமை முறை முடிந்த பின்னும் அதன் வடு பிறப்போடு ஒட்டிக்கொள்வதற்கு மட்டாஞ்சேரி யூதத் தெருவே இன்னொரு சான்று. 1568இல் கட்டப்பட்ட பரதேசி ஜெப ஆலயத்தைச் சேர்ந்த யூதக் குடும்பங்களில் விடுதலை பெற்ற அடிமைகளின் வழிவந்தோர் ‘மெஷுஹ்ராரிம்’ எனப்பட்டனர். அவர்கள் யூத சமய ஒழுக்கத்தை முழுமையாகப் பின்பற்றியும், ஆலயத்தினுள் மற்றவர்களுக்குச் சமமாக இருக்கை பெறவோ, திருமறை வாசிப்புக்கு அழைக்கப்படவோ, திருமண உறவு கொள்ளவோ உரிமையின்றி இருந்தனர். அவ்வழியில் 1882இல் பிறந்த வழக்கறிஞர் ஆபிரகாம் பராக் சேலம், காந்தியின் சத்தியாக்கிரக முறையை அந்த ஆலயத்துக்குள்ளேயே கொண்டுசென்று போராடினார். கொச்சி சட்டமன்றத்திலும் உறுப்பினராக இருந்தார். 1930களின் நடுப்பகுதிக்குள் பழைய தடைகளில் பல தளர்ந்துவிட்டன. ஐந்நூறு பேருக்கும் குறைவான ஒரு சிறு சமூகத்திலேயே அடிமையின் பேரன் சமமாக அமர்வதற்கு இத்தனை தலைமுறை ஆயிற்று.

இனி, எண்ணிக்கையில் பன்மடங்கு பெரியதான உள்நாட்டு அடிமை முறைக்கு வரலாம். 1800–01இல் மலபாரில் பயணம் செய்த பிரான்சிஸ் புக்கானன், நிலத்தைக் கையாளும் அதே மூன்று முறைகளில் ஆட்களும் கையாளப்பட்டதைப் பதிவு செய்திருக்கிறார். ஜன்மம் என்பது முழு விற்பனை. காணம் என்பது கடனுக்கு ஈடாக அடகு வைப்பது. பாட்டம் என்பது ஆண்டு வாடகைக்கு விடுவது. பாட்டத்துக்கு விடப்பட்ட ஆணுக்கு ஆண்டுக்கு எட்டுப் பணம், பெண்ணுக்கு அதில் பாதி. அந்தப் பணம் உழைத்தவருக்குச் செல்லவில்லை, அவருடைய உடைமையாளருக்குச் சென்றது என்பதைச் சொல்லத் தேவையில்லை. திருவிதாங்கூரின் 1836ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 12,80,668 மக்களில் 1,64,864 பேர் அடிமைகள் என்று காணப்படுகிறது. எட்டில் ஒருவர் என்ற விகிதம் இது.

ஈடு பற்றிய விவாதத்துக்கு முதன்மையான செய்தி ஒன்று இங்கே உண்டு. அடிமைகளை வைத்திருந்தவர்கள் தனியார் மட்டும் அல்லர். திருவிதாங்கூரிலும் கொச்சியிலும் ‘சர்க்கார் அடிமைகள்’ என்ற பிரிவினர் இருந்தனர். அரசின் நிலங்களில் அரசின் சொத்தாக உழைத்தவர்கள் அவர்கள். கொச்சி அரசர்கள் முடிசூடிய மட்டாஞ்சேரி அரண்மனையின் செலவுகள் எந்த வருவாயிலிருந்து வந்தனவோ, அந்த வருவாயில் இந்த உழைப்பும் கலந்திருந்தது. ஆங்கிலேயக் கம்பெனியும் குறைந்ததன்று. தன் நேரடி ஆட்சியில் இருந்த மலபார் மாவட்டத்தில் நிலவரி பாக்கிக்காக அடிமைகளை விற்கும் வழக்கத்தை அது 1819 வரை கைவிடவில்லை. பழங்காலச் சமூக வழக்கத்துக்கு இன்றைய அரசு எவ்வாறு பொறுப்பாகும் என்று கேட்பவர்கள், அரசே உடைமையாளராகவும் ஏலம் விடுபவராகவும் இருந்த இந்த வரலாற்றை எதிர்கொண்டாக வேண்டும். சமஸ்தானங்களின் கருவூலத்தையும் நிலத்தையும் ஆவணங்களையும் பெற்றுக்கொண்ட பின்வந்த அரசுக்கு, அவற்றோடு வந்த கடனும் உரியதே.

விடுதலை வந்த விதமும் கூர்ந்து நோக்கத் தக்கது. பிரித்தானியாவின் 1833ஆம் ஆண்டு அடிமை ஒழிப்புச் சட்டம், கரீபியத் தீவுகள் முதலியவற்றின் அடிமை உடைமையாளர்களுக்கு 2 கோடி பவுண்டு இழப்பீடு வழங்கியது. அதற்காக வாங்கிய கடனின் மீதி 2015இல்தான் அடைந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிப்பகுதிகளையும் இலங்கையையும் அச்சட்டம் தன் எல்லைக்கு வெளியே நிறுத்தியது. பத்து ஆண்டுகள் கழித்து இயற்றப்பட்ட 1843ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம் அடிமை முறையை நேரடியாக ஒழிக்கவில்லை. அடிமை என்ற உரிமையை எந்த நீதிமன்றமும் ஏற்காது, அதிகாரிகள் அடிமைகளை விற்கக்கூடாது, அடிமை என்ற காரணத்தால் ஒருவரின் சொத்தைப் பறிக்க முடியாது என்று கூறி அது நின்றுகொண்டது. அந்த ஆண்டில் ஃபோர்ட் கொச்சி ஆங்கிலேயரின் மலபார் மாவட்டத்தில் இருந்தது. அதை ஒட்டிய மட்டாஞ்சேரி கொச்சி சமஸ்தானத்தில் இருந்தது. ஆகவே எல்லைக்கு ஒருபுறம் நீதிமன்றம் ஏற்காத உடைமையுரிமை, சில நிமிட நடைத் தொலைவில் மறுபுறத்தில் செல்லுபடியாகும் உரிமையாக இன்னும் பதினோரு ஆண்டுகள் நீடித்தது. கொச்சி 1854இலும் திருவிதாங்கூர் 1855 ஜூன் 24 அன்றும் அறிவிப்புகளை வெளியிட்டே அடிமை முறையை முடித்தன.

கரீபியத்தில் உடைமையாளர்களுக்குப் பணம் கொடுக்கப்பட்டது, கேரளத்தில் அதுவும் கொடுக்கப்படவில்லை என்பதால் இங்கே நடந்தது நேர்மையானது என்று எண்ணத் தோன்றலாம். அந்த எண்ணம் பிழையானது. டச்சு அரசு 1863இல் சுரினாம் உடைமையாளர்களுக்கு அடிமை ஒருவருக்கு 300 கில்டர் கொடுத்தது. விடுதலை பெற்ற ஹெயிட்டி மக்களிடமிருந்தே பிரான்ஸ் 1825இல் 15 கோடி ஃபிராங்க் கோரி, பின்னர் அதை 9 கோடியாகக் குறைத்து வாங்கியது. அங்கெல்லாம் விடுதலையால் உடைமையாளருக்கு இழப்பு நேரும் என்ற அச்சம் இருந்தது. கேரளத்தில் அந்த அச்சத்துக்கு இடமில்லை. நிலம் முழுவதும் ஜன்மிகளிடமும் கோயில்களின் தேவஸ்வங்களிடமும் அரசிடமும் இருந்தது; விடுதலை பெற்றவருக்குக் குடிசை போட்டிருந்த இடமும் சொந்தமில்லை; நேற்று அடிமையாக உழைத்த வயலில் இன்று கூலியாக உழைப்பதைத் தவிர வேறு வழி அவருக்கு இல்லை. உடைமையாளருக்கு இழப்பே இல்லாதபடி விடுதலை வடிவமைந்ததால்தான் இழப்பீடு கேட்கும் குரலும் பெரிதாக எழவில்லை. புலையர் சமூகத்தைப் பற்றி 1980இல் நூலெழுதிய கே. சாரதாமணி முதல், அடிமைத்தனத்தின் நினைவுகளை ஆராய்ந்த பி. சனல் மோகன், மலையாளத்தில் அடிமைக் கேரளத்தின் மறைந்த வரலாற்றை எழுதிய வினில் பால் வரை, இத்துறையில் உழைத்தவர்களின் ஆய்வுகள் அறிவிப்புகளுக்குப் பின்னும் அந்த வாழ்க்கை எவ்வளவு தொடர்ந்தது என்பதைத் தெளிவாக்கியுள்ளன.

சட்டம் விடுவித்தவர்களை ஊர் விடுவிக்கவில்லை என்பதற்குக் கொச்சிக் காயலே சாட்சி. 1913இல் புலையர் ஒன்றுகூடித் தங்களுக்கென ஒரு சங்கம் அமைக்க முற்பட்டபோது, எறணாகுளத்தில் அவர்கள் கூடுவதற்கு நிலத்தில் இடம் கிடைக்கவில்லை. தண்ணீருக்குத் தீண்டல் இல்லை என்பதால் வள்ளங்களைச் சேர்த்துக் கட்டி, அவற்றின்மீது பலகை பரப்பிக் காயலில் கூட்டம் நடத்தினர். மீனவச் சமூகத்தவரான பண்டிட் கே.பி. கறுப்பன் இதற்குத் துணைநின்றார். அடிமை ஒழிப்பு அறிவிப்பு வெளியாகி அப்போது ஐம்பத்தொன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. காயலின் நடுவிலுள்ள முளவுகாட்டுத் தீவில் அதற்கு முந்தைய ஆண்டில் பிறந்த தாட்சாயணி வேலாயுதன், பின்னாளில் அரசியல் நிர்ணய சபையில் தீண்டாமை ஒழிப்பை ஆதரித்துப் பேசினார். திருவிதாங்கூர் 1936இல் திறந்த கோயில் கதவுகளைக் கொச்சி அரசு 1947 வரை திறக்கவில்லை. ஈடு கேட்பவர்கள் எட்டாத பழங்காலத்தைப் பற்றிப் பேசுகின்றனர் என்ற வாதத்துக்கு இந்த ஆண்டுகள் பதிலாகின்றன. 1947க்கு முன் அந்தக் கதவுகளுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களின் பிள்ளைகள் இன்றும் நம்மிடையே இருக்கின்றனர்.

நிலமே இந்தக் கடனின் மையம் என்பதை ஆட்சியாளர்கள் அறியாமல் இல்லை. செங்கல்பட்டு ஆட்சியர் ட்ரெமென்ஹீர் 1891இல் பறையர் மக்களின் நிலையைப் பற்றி அளித்த அறிக்கையின் அடிப்படையில், சென்னை மாகாண அரசு 1892இல் ஒடுக்கப்பட்ட மக்களுக்கென நிலம் ஒதுக்கத் தொடங்கியது. பிற சாதியினருக்கு விற்கக் கூடாது என்ற நிபந்தனையோடு வழங்கப்பட்ட இந்தப் பஞ்சமி நிலம் பன்னிரண்டு லட்சம் ஏக்கர் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. அந்த நிபந்தனையை மீறி அதில் பெரும்பகுதி கைமாறிப்போயிற்று. மீட்கக் கோரி 1994இல் காரணையில் திரண்டவர்கள்மீது நடந்த துப்பாக்கிச்சூட்டில் இருவர் உயிரிழந்தனர். அமெரிக்க உள்நாட்டுப் போரின் முடிவில் ஜெனரல் ஷெர்மன் 1865 ஜனவரியில் விடுதலை பெற்ற கறுப்பினக் குடும்பங்களுக்கு நாற்பது ஏக்கர்வரை ஒதுக்கியதும், அதே ஆண்டில் குடியரசுத் தலைவர் ஆண்ட்ரூ ஜான்சன் அதை ரத்துசெய்து பழைய உடைமையாளர்களுக்கே திருப்பியதும் இதற்கு இணையான வரலாறு.

கேரளத்தின் நிலச்சீர்திருத்தம் இந்தியாவிலேயே மிக முன்னேறியது என்று போற்றப்படுகிறது. அந்தப் புகழுக்கு அது தகுதியானதே. 1963ஆம் ஆண்டுச் சட்டமும், 1970 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த அதன் திருத்தமும் ஜன்மி முறையை ஒழித்தன. ஆனால் அந்தச் சட்டத்தின் உள்ளே நுழைந்து யாருக்கு என்ன கிடைத்தது என்று பார்த்தால் வேறொரு படம் தெரிகிறது. குத்தகைதாரருக்கு வயல் சொந்தமாயிற்று. நிலத்தை இழந்த ஜன்மிக்கு இழப்பீடு கிடைத்தது. அடிமைகளாக இருந்தவர்களின் வழித்தோன்றல்களோ பெரும்பாலும் குத்தகைதாரர்களாகக்கூட இல்லை. அவர்கள் விவசாயக் கூலிகள். அவர்களுக்குக் கிடைத்தது ‘குடிகிடப்பு’ உரிமை, அதாவது பிறர் நிலத்தில் தாம் போட்டிருந்த குடிசையையும் அதைச் சுற்றிய சிறிதளவு மண்ணையும் சொந்தமாக்கிக்கொள்ளும் உரிமை. ஊராட்சிகளில் 10 சென்ட், நகராட்சிகளில் 5 சென்ட், பெருநகர எல்லைக்குள் 3 சென்ட் என்பது அதன் உச்ச அளவு. தோட்டப் பயிர் நிலங்களுக்கு உச்சவரம்பு இல்லை. குடியிருக்க மண் கிடைத்தது பெரிய மாற்றம்தான், ஊரைவிட்டு விரட்டப்படும் அச்சம் அத்துடன் நீங்கியது. ஆனால் பயிரிட மண் கிடைக்கவில்லை, கடன் வாங்க ஈடாக வைக்கவும், பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுக்கவும் எதுவும் இல்லை. அந்தக் குறையே 2007இல் செங்ஙறையில் தலித் குடும்பங்களை நிலம் கோரி ரப்பர் தோட்டத்துக்குள் குடியேற வைத்தது. இதே கேரளத்தில் 2013இல் கோழிக்கோடு சாமூதிரி குடும்பத்து உறுப்பினர்களுக்கு மாதம் 2,500 ரூபாய் ஓய்வூதியத்தை அரசு அறிவித்தது என்பதையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். 18ஆம் நூற்றாண்டில் ஆட்சியை இழந்தவர்களின் வழித்தோன்றல்களுக்கு வரலாற்று இழப்பீடு வழங்க முடியுமானால், 19ஆம் நூற்றாண்டின் நடுவரை விற்கப்பட்டவர்களின் வழித்தோன்றல்களை அடையாளம் காண்பது கடினம் என்ற வாதம் நிற்காது.

இடஒதுக்கீடே போதுமான ஈடு என்று கூறுவோர் பலர். இடஒதுக்கீடு இல்லாமல் கேரளத் தலித்துகளின் கல்வியும் அரசுப்பணியும் இந்த அளவுக்கு வந்திருக்காது. அதைக் குறைத்து மதிப்பிடுவது அநீதி. ஆயினும் அது ஈடாக அமைக்கப்பட்டதன்று. இதற்குத் தெளிவான சான்று தலித் கிறிஸ்தவர்களின் நிலை. 1850கள் முதல் அடிமைச் சாதியினரில் பெருந்தொகையினர், பள்ளியும் மனித மரியாதையும் தேடி மிஷன் சபைகளில் சேர்ந்தனர். 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதித் தகுதியை இந்துக்களுக்கு மட்டும் என்று வரையறுத்தது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். கிறிஸ்தவரும் முஸ்லிம்களும் சேர்க்கப்படவில்லை. ஒரே அடிமைத் தாயின் வழிவந்த இரு கிளைகளில் ஒன்றுக்கு உரிமை உண்டு, மற்றொன்றுக்கு இல்லை. இழைக்கப்பட்ட கொடுமைக்கு ஈடு என்று கருதியிருந்தால், கொடுமைக்குப் பின் யார் எந்தச் சமயத்தைத் தழுவினர் என்ற கேள்விக்கே இடமிருந்திருக்காது. இதை ஆராய 2022 அக்டோபரில் ஒன்றிய அரசு அமைத்த ஆணையத்தின் தலைவர், கேரளத்தில் பிறந்து இந்தியத் தலைமை நீதிபதியான முதல் தலித் கே.ஜி. பாலகிருஷ்ணன். இன்னொன்றும் உண்டு: ஆசிரியர்களின் ஊதியத்தை அரசே தருகின்ற உதவிபெறும் பள்ளி, கல்லூரிகளில் நிர்வாகங்கள் செய்யும் நியமனங்களில் பட்டியல் சாதியினருக்கான ஒதுக்கீடு பின்பற்றப்படுவதில்லை. 2011 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகையில் 9.1 விழுக்காடாக உள்ள ஒரு பிரிவுக்கு, கேரளத்தின் மிகப் பெரிய ஆசிரியப் பணிவாய்ப்பு இவ்வாறு அடைபட்டிருக்கிறது.

நெதர்லாந்தைப் பொறுத்தவரை, மன்னிப்பு வந்துவிட்டது. கொச்சிக்கு வந்து சேரவில்லை. பிரதமர் மார்க் ருட்டே 2022 டிசம்பர் 19 அன்று ஹேக் நகரில் டச்சு அரசின் பெயரால் மன்னிப்புக் கேட்டபோது, ஆசியாவில் டச்சுக் கம்பெனியின் ஆட்சிப்பகுதிகளுக்குள் 6,60,000 முதல் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர்வரை விற்கப்பட்டனர் என்பதைக் குறிப்பிட்டே பேசினார். உலகின் எப்பகுதியிலும் அடிமைப்படுத்தப்பட்டவர்களையும் அவர்களின் வழித்தோன்றல்களையும் நோக்கியே அந்த மன்னிப்பு அமைந்தது. 2023 ஜூலை 1 அன்று மன்னர் வில்லெம்-அலெக்சாந்தரும் ஆம்ஸ்டர்டாமில் மன்னிப்புக் கேட்டார். ஆனால் அதனுடன் அறிவிக்கப்பட்ட 20 கோடி யூரோ நிதி சுரினாமுக்கும் கரீபியப் பகுதிகளுக்கும் நெதர்லாந்துக்குமே பிரிக்கப்பட்டது. ஆசியாவுக்கு அதில் பங்கில்லை. அதே ஆண்டின் இறுதியில் கண்டி அரசின் பீரங்கி உள்ளிட்ட ஆறு கலைப்பொருள்களை நெதர்லாந்து இலங்கையிடம் திருப்பிக் கொடுத்தது. பொருள்களைப் பொறுத்தவரை ஆசியாவோடு கணக்குத் தீர்க்க முடிகின்ற அரசுக்கு மனிதர்களைப் பொறுத்தவரை அது முடியாது என்பது ஏற்கத்தக்கதன்று. அது ஒரு தனியார் கம்பெனியின் செயல் என்ற சமாதானமும் செல்லாது. 1790களின் இறுதியில் கம்பெனி நொடித்தபோது அதன் உடைமைகளையும் கடன்களையும் ஏற்றுக்கொண்டது டச்சு அரசுதான்.

இக்கோரிக்கையை யார் எழுப்புவது என்பதில்தான் இந்திய அரசின் தயக்கம் குறுக்கே நிற்கிறது. இனவாதத்துக்கு எதிராக 2001இல் டர்பனில் நடந்த ஐ.நா. மாநாடு, அடிமை முறை மனித குலத்துக்கு எதிரான குற்றம் என்பதை ஏற்றுக்கொண்டது. அம்மாநாட்டில் சாதியையும் விவாதப் பொருளாக்கத் தலித் அமைப்புகள் முயன்றபோது, சாதி என்பது இனமன்று, அது உள்நாட்டு விவகாரம் என்று இந்திய அரசு எதிர்த்தது. வகைப்பாட்டியல்படி அந்த நிலைப்பாட்டுக்கு ஓரளவு நியாயம் கூறலாம். ஆனால் கொச்சிப் பத்திரங்களின் முன் அது நிலைக்காது. ஒருவரின் சாதியைப் பார்த்து, அவர் விற்கத்தக்கவர் என்று ஓர் ஐரோப்பியக் கம்பெனி முடிவுசெய்த இடத்தில் சாதியும் இனமும் ஒரே பத்திரத்தின் ஒரே வரியில் சந்தித்துக்கொண்டன. கரீபிய நாடுகள் 2013இல் கூட்டாக ஓர் ஆணையம் அமைத்து மறு ஆண்டில் பத்து அம்சத் திட்டத்தை முன்வைக்க முடிந்ததற்குக் காரணம், அங்கே ஆளும் அரசுகள் அடிமைகளின் வழித்தோன்றல்களுடையவை. இங்கே கோரிக்கை வைக்கவேண்டிய அரசு தானே கடன்பட்ட அரசாகவும் இருக்கிறது.

ஆகவே செய்யக்கூடியவற்றின் வரிசை முக்கியமாகிறது. கொச்சி, திருவிதாங்கூர் அரசுகள் ஆட்களைச் சொத்தாக வைத்திருந்தன என்பதைக் கேரளச் சட்டமன்றம் தீர்மானமாக ஒப்புக்கொள்வதற்குச் செலவு ஏதும் இல்லை, அதைச் சொல்லாமல் வைத்திருப்பதற்கு நியாயமும் இல்லை. நிலம் வழங்கும் திட்டங்கள் சென்ட் கணக்கிலிருந்து பயிர்நிலக் கணக்குக்கு மாறவேண்டும்; அடிமைச் சாதிகளின் வழித்தோன்றல்கள் என்ற அடிப்படையில், சமய வேறுபாடின்றி அவை சேரவேண்டும். நெதர்லாந்து தன் நிதியில் ஆசியாவுக்கும் பங்கு வகுத்து, கொச்சிப் பத்திரங்களும் நீதிமன்ற ஏடுகளும் மலையாளத்திலும் தமிழிலும் பெயர்க்கப்பட்டு, விற்கப்பட்டவர்களின் பெயர்ப்பட்டியலாக இரு மாநிலங்களின் பள்ளிகளுக்கும் நூலகங்களுக்கும் கிடைக்க வழிசெய்ய வேண்டும். அதை முறைப்படி கேட்கவேண்டியது ஒன்றிய அரசு. கேட்கும்போது இணைக்கவேண்டிய முதல் ஆவணங்கள் எழும்பூரில் இருக்கின்றன. அவற்றில் விற்றவர் பெயர் வரும் இடங்களில் டச்சுக்காரர்கள் மட்டுமல்லாமல் உள்ளூர்க்காரர்களும் வருகின்றனர். அப்பெயர்களை மறைக்காமல் இணைத்துக் கொடுப்பதற்குத் தயாராகும் அரசே அந்தக் கோரிக்கையை வைக்கத் தகுதி பெறும்.